பாரிஸிலிருந்து ரயிலில் ஒருநாள்: எந்த ஷாத்தோவைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாத்தோ என்றால் கோட்டையா, அரண்மனையா?

தமிழில் கோட்டை வேறு, அரண்மனை வேறு, மாளிகை வேறு. பிரெஞ்சு மொழியிலோ இம்மூன்றுக்கும் ‘ஷாத்தோ’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. பெயரை மட்டும் நம்பிப் போகிறவர் அகழியையும் கொத்தளத்தையும் எதிர்பார்த்துச் சென்று, பொன்முலாம் பூசிய படுக்கையறைகளைக் கண்டு திரும்புவது இதனால்தான். ஆஞ்சே நகரத்து ஷாத்தோ, 17 கோபுரங்களோடு நிற்கும் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை. வெர்சாய் ஓர் அரசவையே குடியிருந்த அரண்மனை. ஷெனொன்சோ ஆற்றின் மேல் கட்டப்பட்ட மாளிகை. ஆகவே எந்த ஷாத்தோ என்று கேட்பதற்கு முன், இம்மூன்றில் எதைப் பார்க்க மனம் விரும்புகிறது என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ரயில் நிலையத்துக்கும் ஷாத்தோவின் வாயிலுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலரும் புகழை வைத்து ஓர் இடத்தை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே அங்கு எப்படிப் போவது என்று தேடத் தொடங்குகிறார்கள். கார் உள்ளவருக்கு அது பொருந்தும். ரயிலை நம்பிப் போகிறவருக்கு அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பாரிஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சென்று, நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எட்டிவிடக்கூடிய புளுவா, ரயிலில் அரை மணி நேரமே ஆனாலும் அதற்குப் பிறகு நாளுக்குச் சில முறை மட்டும் ஓடும் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டிய ஓர் இடத்தைவிட, நடைமுறையில் அருகில் இருக்கிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பற்றிக் காலையிலேயே தெளிவு இருந்தால், மாலையில் எத்தனை மணி வரை தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடியவை எவை?

சேன்-ஜெர்மேன்-ஆன்-லே இதில் முதலிடம் பெறும். பாரிஸையும் புறநகர்களையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். ரயிலின் ‘ஆ’ (A) தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் ஷாத்தோ எதிரிலேயே நிற்கிறது. வன்சேன் கோட்டைக்கு மெட்ரோ 1ஆம் தடமே போய்விடுகிறது. ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள அதன் 14ஆம் நூற்றாண்டுக் காவற்கோபுரத்தைப் பார்க்க அரை நாள் போதும். வெர்சாய்க்கு ஆர்.இ.ஆர். ‘சே’ (C) தடத்தின் ‘ஷாத்தோ ரீவ் கோஷ்’ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

தொலைவில் உள்ளவற்றுள் புளுவா, ஆஞ்சே, லான்ஷே, ஷெனொன்சோ ஆகிய நான்கும் நடந்து எட்டக்கூடியவை. ஆம்புவாஸில் நிலையம் லுவார் ஆற்றின் ஒரு கரையிலும் ஷாத்தோ மறுகரையிலும் இருப்பதால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாக நடக்க வேண்டும். ஆனால் பாலத்தின் மீது வரும்போது ஷாத்தோ முழுவதும் கண்ணுக்கு எதிரே விரிவதால், அந்த நடையை நான் குறையாகக் கருதவில்லை.

முதன்முறையாகப் போகிறவர் வெர்சாய்க்குத்தான் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் வெர்சாயைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தால், அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பதின்மூன்றாம் லூயியின் வேட்டை மாளிகையாகத் தொடங்கிய இடத்துக்கு, 1682இல் பதினான்காம் லூயி தம் அரசவையையே குடியேற்றினார். 73 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டுள்ளன. 1871இல் ஜெர்மானியப் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டதும், 1919 ஜூன் 28 அன்று முதல் உலகப் போருக்குப் பின்னான உடன்படிக்கை கையெழுத்தானதும் அந்த மண்டபத்தில்தான்.

தமிழ் வாசகர் அறிந்து செல்ல வேண்டிய செய்திகளும் உண்டு. பிரிட்டன் கைப்பற்றியிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது 1783இல் வெர்சாயில் கையெழுத்தான உடன்படிக்கையால்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து, திப்பு சுல்தானின் தூதர்கள் புதுச்சேரியில் கப்பலேறி வந்து, 1788 ஆகஸ்ட் 10 அன்று இதே அரண்மனையில் பதினாறாம் லூயியைச் சந்தித்தனர். அவர்கள் வந்து சென்ற மறு ஆண்டே புரட்சி வெடித்தது.

இத்தனை இருந்தும், நெரிசல் இங்கு உண்மையான இடையூறு. திங்கட்கிழமை அரண்மனை மூடப்பட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கே வந்து சேர்கிறது. புதன் அல்லது வியாழனன்று, காலையில் முதல் நுழைவு நேரத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போவதே சிறந்தது. பெயர்கள் ஒத்திருப்பதால் நேரும் குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெர்சாயில் மூன்று நிலையங்கள் உள்ளன. சேன்-லசார் நிலையத்திலிருந்து வரும் ரயில் ‘ரீவ் துருவாத்’ நிலையத்துக்கும், மோம்பர்னாஸிலிருந்து வருவது ‘ஷாந்தியே’ நிலையத்துக்கும் செல்கின்றன. அவை தவறான நிலையங்கள் அல்ல. நடை மட்டும் ஏறத்தாழ இருபது நிமிடங்களாகும்.

வெர்சாய்க்கு மாற்றாக ஒன்றைச் சொல்லுங்கள் என்றால்?

ஃபோந்தேன்ப்ளோ. இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் தொடர்ந்து தங்கிவந்த அரண்மனை இது. 1,500க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட இந்தக் கட்டடத்தை ஒவ்வோர் அரசரும் தம் காலத்துக்கேற்ப நீட்டியும் மாற்றியும் கட்டியதால், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் செல்வது ஒரு நூற்றாண்டிலிருந்து அடுத்த நூற்றாண்டுக்குச் செல்வது போலிருக்கும். 1528 முதல் முதலாம் பிரான்சுவா இதைப் புதுப்பித்தபோது இத்தாலியிலிருந்து ஓவியர்களை வரவழைத்தார். ரோஸோ ஃபியோரென்தினோ அமைத்த நீண்ட கூடத்தில் சுதைச் சிற்பமும் சுவரோவியமும் மரவேலைப்பாடும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரான்சில் மறுமலர்ச்சிக் கலை வேரூன்றிய இடங்களுள் அது தலையாயது.

அதே வளாகத்தில் நெப்போலியனின் அரியணை அறையும் இருக்கிறது. திருத்தந்தை ஏழாம் பயஸை 1812 முதல் 1814 வரை அவர் காவலில் வைத்திருந்ததும் இங்கேதான். பதவி துறந்த நெப்போலியன் 1814 ஏப்ரல் 20 அன்று தம் காவற்படையினரிடம் விடைபெற்றது, முற்றத்தில் குதிரை லாட வடிவில் இறங்கும் படிக்கட்டின் அடியில். அந்த முற்றத்தில் நுழையக் கட்டணம் கிடையாது.

கார் து லியோன் நிலையத்திலிருந்து ‘எர்’ (R) தட ரயில் ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் ஃபோந்தேன்ப்ளோ-ஆவோன் நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து ஷாத்தோ வாசல் வரை பேருந்து உண்டு, கால் மணி நேரம் ஆகும். ரயிலேறும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இத்தடம் மெலன் நிலையத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரிகிறது. மோந்தெரோவுக்குச் செல்லும் ரயில்களில் எரிசி வழியாகச் செல்பவை ஃபோந்தேன்ப்ளோவைத் தொடுவதில்லை. பலகையில் ஊரின் பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டு ஏறுங்கள்.

ஷாந்தியியைப் பற்றிப் பலரும் சொல்கிறார்களே, அது யாருக்கு ஏற்றது?

ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவருக்கும், குதிரைகளை விரும்பும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. லூயி-பிலிப் மன்னரின் மகனான ஓமால் பிரபு, 1848இல் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் வாழ்ந்த ஆண்டுகளில் ஓவியங்களையும் சுவடிகளையும் சேர்த்தார். திரும்பி வந்து, புரட்சிக் காலத்தில் இடிபட்டிருந்த ஷாத்தோவை மீண்டும் எழுப்பினார். பிறகு எல்லாவற்றையும் பிரான்சின் அறிஞர் கழகங்களை உள்ளடக்கிய ‘அன்ஸ்தித்யூ’வுக்கு எழுதிவைத்தபோது, எந்தப் படைப்பையும் வெளியே இரவல் கொடுக்கக் கூடாது, தாம் மாட்டிவைத்த வரிசையையும் மாற்றக் கூடாது என்று விதித்தார். அருங்காட்சியகம் 1898இல் திறக்கப்பட்டது. ஆகவே இன்றும் ஓவியங்கள் சுவர் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக, 19ஆம் நூற்றாண்டு முறையில் தொங்குகின்றன. ரஃபேலின் ஓவியங்கள் மூன்று இங்கு உள்ளன. இங்கு வராமல் அவற்றை வேறெங்கும் பார்க்க இயலாது என்ற ஒன்றே ஒரு நாளைச் செலவிடப் போதுமான காரணம். பெர்ரி பிரபுவுக்காக 15ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட புகழ்பெற்ற பிரார்த்தனைச் சுவடியும் இங்கேதான் காக்கப்படுகிறது. ஆனால் அதன் மூலத்தை வழக்கமாகக் காட்சிக்கு வைப்பதில்லை.

ஷாத்தோவுக்கு முன்னால் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி நிற்கும் பெருங்குதிரை லாயம் 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 186 மீட்டர் நீளமுள்ள அதை முதன்முறை காண்பவர்கள் அதையே ஷாத்தோ என்று எண்ணிவிடுவதுண்டு. 1671இல் பதினான்காம் லூயிக்கு இங்கே விருந்து நடந்தபோது, கடலிலிருந்து மீன் வரத் தாமதமானதால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட வாத்தெல் என்னும் விருந்துப் பொறுப்பாளரின் கதையும் இவ்வூருக்கு உரியது.

கார் து நோர் நிலையத்திலிருந்து தெ.எர். (TER) எனப்படும் வட்டார ரயிலில் 25 நிமிடங்கள்; ஆர்.இ.ஆர். ‘தே’ (D) தடத்தில் அதைவிட ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கூடுதலாகும். நிலையத்திலிருந்து வாயில் வரை இரண்டு கிலோமீட்டர். நடக்க இயன்றவர்கள் நடப்பதே நல்லது.

லுவார் ஆற்றங்கரை ஷாத்தோக்களை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

ஒன்றைப் பார்த்துத் திரும்பலாம். வழி அமைந்தால் இரண்டு. மூன்று என்று திட்டமிடுகிறவர்கள் நடைமேடைகளையே அதிகம் பார்த்துவிட்டு வருவார்கள்.

வரைபடத்தில் ஆம்புவாஸும் ஷெனொன்சோவும் மிக அருகருகே தெரியும். ஆனால் அவை வெவ்வேறு ரயில் தடங்களில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலில் செல்ல, தூர் நகரத்துக்கோ அதை அடுத்த சேன்-பியேர்-தே-கோர் நிலையத்துக்கோ வந்து வண்டி மாற வேண்டும். மாறாக, புளுவாவும் ஆம்புவாஸும் ஒரே தடத்தில், இருபது நிமிடத் தொலைவில் உள்ளன. எனவே இரண்டைப் பார்க்க விரும்புவோருக்கு நான் சொல்லும் இணை இதுதான்: காலையில் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து புளுவா, மதிய உணவுக்குப் பின் ஆம்புவாஸ், அங்கிருந்து மாலையில் பாரிஸ்.

புளுவாவில் ஒரே முற்றத்தின் நான்கு பக்கமும் நான்கு காலத்துக் கட்டடக் கலையைக் காணலாம். 13ஆம் நூற்றாண்டு மண்டபம், பன்னிரண்டாம் லூயியின் செங்கல் கட்டடம், முதலாம் பிரான்சுவாவின் சுழல் படிக்கட்டு, பிரான்சுவா மான்சார் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பகுதி ஆகியவற்றை நின்ற இடத்திலிருந்தே திரும்பித் திரும்பிப் பார்த்து ஒப்பிடலாம். 1588 டிசம்பர் 23 அன்று மூன்றாம் என்றி மன்னர் தம் அரசியல் எதிரியான கீஸ் பிரபுவைக் கொல்வித்தது இங்கே. ஆம்புவாஸில், 1519 மே 2 அன்று மறைந்த லியோனார்டோ டா வின்சியின் கல்லறை புனித ஊபேர் சிற்றாலயத்தில் இருக்கிறது. அவர் கடைசி மூன்று ஆண்டுகள் வாழ்ந்த குளோ லூசே இல்லம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.

ஷாம்போருக்கு ரயிலில் போகலாமா?

ஷாம்போரில் ரயில் நிலையம் இல்லை. புளுவாவில் இறங்கி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சாலை வழியே செல்ல வேண்டும். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை புளுவா நிலையத்திலிருந்து சுற்றுலாப் பேருந்து ஓடுகிறது. அது ஒரு நாளைக்குச் சில முறைகள் மட்டுமே. மற்ற மாதங்களில் டாக்சியை நம்ப வேண்டியிருக்கும். 1519இல் கட்டத் தொடங்கிய இந்த ஷாத்தோவில் 426 அறைகளும் 282 கணப்பிடங்களும் உள்ளன. ஒருவர் ஏறவும் மற்றவர் இறங்கவும், இருவரும் எதிர்ப்படாமலே செல்லும்படி அமைந்த இரட்டைச் சுழல் படிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் அன்றைக்கு ஷாம்போர் ஒன்றுக்கே போங்கள். பேருந்து நேரத்தை முதலில் உறுதிசெய்து, அதற்கேற்ற ரயிலைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

வோ-லெ-விகோம்த்?

வெர்சாயின் தாய் என்று இதைச் சொல்லலாம். நிதிப் பொறுப்பில் இருந்த நிக்கோலா ஃபூக்கே, கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ரன், தோட்டக் கலைஞர் லெ நோத்ர் ஆகிய மூவரையும் கொண்டு இதைக் கட்டினார். 1661 ஆகஸ்ட் 17 அன்று அரசருக்கே இங்கு பெருவிருந்து வைத்தார். மூன்று வாரங்களுக்குள் அவர் கைது செய்யப்பட்டார். அந்த மூன்று கலைஞர்களையும் பிறகு பதினான்காம் லூயி வெர்சாயில் அமர்த்திக்கொண்டார். அழகில் குறைவில்லை, கூட்டமும் குறைவு. ஆனால் மெலன் நிலையத்திலிருந்து டாக்சி பிடிக்க வேண்டும். அல்லது ‘பே’ (P) தடத்தில் வெர்னேய்-லேத்தான் நிலையத்தில் இறங்கி, பருவகாலத்தில் ஓடும் சிறப்புப் பேருந்தில் செல்ல வேண்டும். நான்கு பேர் சேர்ந்து டாக்சிக் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டால் தயங்காமல் போகலாம்.

பயணச்சீட்டு எப்படி வாங்குவது? நவிகோ அட்டை செல்லுமா?

பாரிஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய இல்-து-பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் வெர்சாய், ஃபோந்தேன்ப்ளோ, சேன்-ஜெர்மேன், ராம்பூய்யே ஆகிய ஊர்களுக்கு, அப்பகுதியின் பயண அட்டையான நவிகோ, எல்லா மண்டலங்களுக்குமானதாக இருந்தால் செல்லும். 2025 ஜனவரி முதல் இப்பகுதி ரயில்களுக்கு, விமான நிலையங்கள் நீங்கலாக, தூரம் பாராமல் ஒரே கட்டணம் என்றாகிவிட்டது. அந்த ஆண்டில் அது 2.50 யூரோ. பாரிஸின் மையத்திலிருந்து இரண்டு நிலையம் போகிறவரும் ஃபோந்தேன்ப்ளோ போகிறவரும் இன்று ஒரே தொகையைக் கொடுக்கிறார்கள். குடும்பமாகச் செல்வோருக்கு இது பெரிய உதவி.

ஷாந்தியியும் கொம்பியேனும் அந்த எல்லைக்கு வெளியே உள்ளவை. நவிகோ கையிலிருப்பதை நம்பி ஷாந்தியி வரை போய்விட்டால் அபராதம் கட்ட நேரிடும். தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தூர், ஆஞ்சே ஊர்களுக்குச் செல்லும் தெ.ஜெ.வே. அதிவேக ரயில்களில், பயண நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆகையால் அவற்றுக்கு வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்வது நல்லது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையோ உறவினரையோ அழைத்துச் செல்பவர்கள் நுழைவுக் கட்டணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2026 ஜனவரி முதல் வெர்சாயிலும் ஷாம்போரிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருவோருக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு வெர்சாயிலும் ஃபோந்தேன்ப்ளோவிலும் நுழைவு இலவசம். தனியார் உடைமையான ஷெனொன்சோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணம் உண்டு.

எந்தக் கிழமையில் போகக் கூடாது?

வெர்சாய்க்குத் திங்கள். ஃபோந்தேன்ப்ளோ, கொம்பியேன், ராம்பூய்யே, சேன்-ஜெர்மேன் அருங்காட்சியகம், எக்குவான் மறுமலர்ச்சி அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குச் செவ்வாய். நான் ஒருமுறை விடுப்பு கிடைத்த மகிழ்ச்சியில் கிழமையைப் பாராமல் செவ்வாயன்று ஃபோந்தேன்ப்ளோவுக்குப் போய்விட்டேன். முற்றங்களிலும் தோட்டத்திலும் நடந்துவிட்டு, உள்ளே ஓர் அறையைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். லுவார் பக்கத்தில் இந்த இடர் குறைவு. ஷெனொன்சோ ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கையில் கொண்டு போங்கள். ஷாந்தியி, எக்குவான், கொம்பியேன் ரயில்கள் புறப்படும் கார் து நோரை ஒட்டித்தான் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு இருக்கிறது. வடையும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு ரயிலேறலாம். வெர்சாயின் அலங்காரத் தோட்டத்துக்குள் அமர்ந்து உண்ண அனுமதியில்லை. அதற்கு அப்பால் பெருங்கால்வாய்ப் பக்கத்துப் பூங்காவில் உண்ணலாம். ஷாந்தியியில் மட்டும், பூங்காவிலுள்ள சிற்றூர்க் குடில்களில் கிடைக்கும் அடித்த பாலேட்டை, அவ்வூர்ப் பெயராலேயே உலகெங்கும் வழங்கும் அந்தக் கிரீமை, ருசி பார்க்காமல் வராதீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும், தொலைவைப் பொருட்படுத்தவில்லை. எங்கே போகலாம்?

ஷெனொன்சோவுக்கு. மோம்பர்னாஸிலிருந்து தெ.ஜெ.வே. ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சேன்-பியேர்-தே-கோர் நிலையத்தை அடைகிறது. அங்கு வண்டி மாறினால் அரை மணி நேரத்துக்குள் ஷெனொன்சோ. நிலையத்தின் சிறு நடைமேடையிலிருந்து ஷாத்தோவின் நுழைவாயில் சில நிமிட நடை. பிறகு மரங்கள் அணிவகுத்த நீண்ட சாலை.

இரண்டாம் என்றி மன்னரின் காதலியான தியான் து புவாத்தியே ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவித்தார். அரசர் இறந்ததும் தியானிடமிருந்து ஷாத்தோவைப் பறித்துக்கொண்ட அவருடைய அரசி கத்தரீன் து மெதிசி, அந்தப் பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். முதல் உலகப் போரில் உரிமையாளரான மெனியே குடும்பத்தினர் அதே கூடத்தை மருத்துவமனையாக்கினர். 2,254 காயமுற்ற வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். இரண்டாம் உலகப் போரில், 1940 முதல் 1942 வரை, ஜெர்மானியர் ஆக்கிரமித்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லைக்கோடாக இருந்தது இந்த ஆறுதான். ஷாத்தோவின் முன்வாயில் ஆக்கிரமிப்புப் பகுதியிலும், கூடத்தின் தென்கோடிக் கதவு மறுபுறத்திலும் இருந்தன. அக்கதவு வழியே மக்கள் தப்பிச் சென்றார்கள்.

திரும்பும் ரயில்கள் நாளுக்குச் சிலவே. ஆகையால் உள்ளே நுழைவதற்கு முன்பே மாலை ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கூடத்தின் கடைசிவரை நடந்து, அந்தத் தென்கோடிக் கதவைக் கடந்து மறுகரையில் இறங்கி, ஆற்றோரமாகச் சிறிது தூரம் சென்று திரும்பிப் பாருங்கள். வளைவுகளின் நிழல் நீரில் விழுவது மாலை வெயிலில் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.